பழைய இசைத்தட்டும் தேடுவோர் கடனும்

அரியன தேடிச் சேர்த்தல் மக்களுக்கு இயல்பாய் அமைந்த குணங்களுள் ஒன்று. ஒருவர் முத்திரை சேர்ப்பர். ஒருவர் பழங்காசு சேர்ப்பர். வேறொருவர் பழம் புத்தகம் சேர்ப்பர். சேர்த்தல் எளிது. சேர்த்ததனாற் பிறர்க்கு ஆவது யாது எனத் தம்மைத் தாமே வினவுதல் அரிது. இவ்வினாவை இற்றை நாளிற் பெரிதும் பரவியுள்ள ஒரு தேட்டத்தின் மேல் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்தேட்டம், அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1960களிலும் 1970களிலும் பாடிப் பதித்த சோல், ஃபங்க் என்னும் இருவகை இசையின் பழைய வினைல் தட்டுக்களைத் தேடுதலாம்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என நண்பர் சிலர் வினவக்கூடும். எம்மிடம் பயின்ற மாணவர் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பணிலும் வாழ்கின்றனர். அவருள் ஒருசாரார் இத்தட்டுக்களைப் பெரும் பொருள் கொடுத்து வாங்குகின்றனர். ஊருக்கு வருங்கால் அவற்றைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகின்றனர். அவர்தம் பெற்றோரோ, காசைக் கரியாக்குகின்றனர் எனக் கவலுகின்றனர். இருசாரார்க்கும் இடையே நின்று ஒரு சொற் சொல்லுதல் ஆசிரியர் கடன் என யாம் கருதுகின்றோம். அன்றியும், சங்கீதம் எந்நாட்டதாயினும் அதனைச் செய்தோர் பெயர் அழிந்துபடாது நிற்றல் வேண்டும் என்பது நமக்குப் புறம்பான பொருளன்று.

முதற்கண் இவ்விசையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சோல் என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். கறுப்பின மக்களின் தேவாலயங்களிற் பாடப்பெற்ற பக்திப்பாட்டின் முறையை உலகியற் பாட்டுக்கு ஏற்றியபோது இவ்விசை பிறந்தது. குரல் உருகுதலும், ஒருவர் அழைக்கப் பலர் விடையிறுத்தலும், கைதட்டுந் தாளமும் ஆலயத்தினின்று வந்த செல்வங்களே. 1959ஆம் ஆண்டில் பெரி கோடி என்பார் தம் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் பெற்று டெற்றோயிற் நகரில் ஒரு தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் மோற்றவுன் என உலகறியப்பெற்றது. ஒரு சாதாரண வீடே அதன் பதிவுக்கூடமாயிற்று. மெம்பிஸ் நகரில் ஸ்ராக்ஸ் என்னும் நிறுவனம் பழைய படமாளிகை ஒன்றிற் குடிகொண்டது. நிறவேற்றுமை கொடிதாய் நின்ற அந்நாளில், அங்கே பலர்க்கும் பின்னணி வாசித்த நால்வர் குழுவில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். வீதியிலும் விடுதியிலும் ஒன்றாயிருத்தல் அரிதாயிருந்த நகரில் இவர்கள் ஒரே அறையில் இருந்து இசை செய்தனர். அந்நகரிலேயே 1968ஆம் ஆண்டு ஏப்பிரில் 4ஆம் நாள் மாட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீழ்ந்த லொறெயின் விடுதி, ஸ்ராக்ஸ் இசைஞர் கூடிப் பாட்டியற்றும் இடங்களுள் ஒன்றாயிருந்தது. இவ்விசை எத்தகைய காலத்தின் நடுவே பிறந்தது என்பதை இஃதொன்றே காட்டும்.

ஃபங்க் என்பது சோலின் வயிற்றிற் பிறந்த பிள்ளை. 1965ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் பிறவுண் என்னும் பாடகர் தம் குழுவினரின் தாள நடையை மாற்றினார். நாலெண்ணிக்கையுள்ள தாளத்தில் இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் அழுத்தம் வைத்தல் அதுவரை வழக்கு; அவரோ முதல் எண்ணிக்கையிற் பேரழுத்தம் வைத்தார். கருநாடக இசை பயின்றோர் இதனைச் சமத்தில் வந்து விழுதல் எனக் கூறின் எளிதில் விளங்கிக்கொள்வர். அவர் குழுவிற் கித்தாரும் குழலும் கூட மெட்டிசைப்பதைக் குறைத்து முழவுபோல் ஒலித்தன. 1967இல் வெளிவந்த 'கோல்ட் சுவெற்' என்னும் பாட்டில் இந்நடை முழுமை பெற்றது.

இனித் தட்டின் இயல்பு சொல்லுவாம். நம் பாட்டனார் காலத்துக் கிராமபோன் தட்டு அரக்கினாற் செய்யப்பட்டது, நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது, கைதவறின் உடைவது. 1948இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் நெடுந்தட்டை வெளியிட்டது. மறு ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்ரர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழங்குலச் சிறுதட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரு பாட்டைக் கொண்ட இச்சிறுதட்டே சோல் இசையின் ஏடு எனலாம். அதனை அச்சிடுதற்கு ஆகுஞ் செலவு குறைவு. ஆதலின், ஊர்தோறும் சிறு முதலாளிகள் தம் தெருப் பாடகரைக் கொண்டு சில நூறு தட்டுக்கள் அச்சிட்டனர். உள்ளூர் வானொலி நிலையம் அதனை ஒலிபரப்பின் பிழைத்தனர்; ஒலிபரப்பாவிடின் எஞ்சிய தட்டுக்கள் கிடங்கிற் கிடந்து தூசி படிந்தன. பாடியவர் ஆலைக்கோ பேருந்து ஓட்டவோ மீண்டு சென்றார். இங்ஙனம் தோற்றுப்போன தட்டுக்களே இன்று அரியனவாய்ப் பொன்விலை பெறுகின்றன. விலை உயர்வது சிறப்பினால் மட்டுமன்று. அன்று எவரும் வாங்காமையாலும் ஆம்.

இவ்வாறு தோற்ற தட்டுக்களை முதன்முதல் ஊக்கத்தோடு தேடியவர் அமெரிக்கரல்லர். இங்கிலாந்தின் வடபாகத்து ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் என்பது வியப்புக்குரியது. மான்செஸ்ரர், ஸ்ரோக், பிளாக்பூல், விகன் முதலிய ஊர்களில் வாரம் முழுவதும் உழைத்த இளைஞர், வார இறுதியில் இரவெல்லாம் விழித்து இவ்விசைக்கு ஆடினர். தெற்கே நாகரிகம் மாறி ஃபங்க் வந்த பின்னரும் இவர்கள் 1960களின் நடுப்பகுதிக்குரிய விரைந்த சோல் பாட்டையே விரும்பினர். இலண்டனில் தட்டுக்கடை வைத்திருந்த டேவ் கொடின் என்னும் எழுத்தாளர், வடக்கிலிருந்து வருவோர் கேட்கும் இசையைப் பிரித்தறிதற் பொருட்டு 'வடபுலச் சோல்' எனப் பெயரிட்டார். விகன் கசினோ என்னும் ஆடற்கூடம் 1973 முதல் 1981 வரை இதற்குத் தலைமைத் தலம் போன்றிருந்தது. குளோரியா ஜோன்ஸ் என்னும் பாடகி 1965இற் பாடிய 'ரெயின்ரெட் லவ்' ஒரு தட்டின் பின்பக்கத்திற் கிடந்து அமெரிக்காவில் எவராலும் கவனிக்கப்படாது போயிற்று. வட இங்கிலாந்து ஆடற்கூடங்கள் அதற்கு உயிரளித்தன. அங்கே அதனைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினரான சொவ்ற் செல் குழுவினர் அதனை 1981இல் மீண்டும் பாடியபோது அஃது அந்நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. தேடுவோன் ஒருவன் கை படாதிருப்பின் அப்பாட்டு மண்ணோடு மண்ணாகியிருக்கும். தேட்டத்தின் நற்பயனுக்கு இஃதொரு சான்று.

எனினும், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. பிராங்க் வில்சன் என்பார் 1965இல் மோற்றவுன் நிறுவனத்தின் ஒரு கிளைக்காக ஒரு பாட்டுப் பாடினார். அதன் தட்டுக்கள் சுமார் 250 அச்சிடப்பட்டன என்பர். அது விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டது, தட்டுக்கள் அழிக்கப்பட்டன. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே தப்பின. அவற்றுள் ஒன்று 2009இல் 25,000 பவுணுக்கு மேலும், 2020இல் ஒரு தட்டு 100,000 பவுணுக்கும் விலைபோயின. இப்பெருந்தொகையிற் பாடினார்க்கோ அவர் குடும்பத்தார்க்கோ சட்டப்படி ஒரு சதமும் உரியதன்று. இதனினும் கொடிது ஒன்றுண்டு. இப்பாட்டு விகனில் ஒலித்தபோது, பாடியவர் எடி பொஸ்ரர் என்னும் வேறொருவர் எனக் கூறப்பட்டது. தட்டிசைப்போர் தம் அரும்பொருளைப் போட்டியாளர் கண்டுபிடியாதிருத்தற் பொருட்டு, தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாளை மறைத்துப் பொய்ப்பெயர் இட்டு வழங்குதல் அங்கு வழக்கமாயிருந்தது. ஜமெய்க்காவின் ஒலிபெருக்கிக் குழுவினர் 1950களிலேயே பெயர்த்தாளைச் சுரண்டினர். அங்கிருந்து நியூயோர்க் சென்ற கூல் ஹேர்க், 1973 ஆகத்து 11ஆம் நாள் புறொங்ஸ் பகுதியில் நடத்திய விருந்தினால் ஹிப் ஹொப் இசையின் தொடக்கத்தோடு பெயர் இணைந்தவர். அவரும் தட்டை நீரில் ஊறவைத்துப் பெயர்த்தாளை உரித்தார் என்பர்.

இதனைச் சிறு தந்திரம் எனச் சிரித்துவிடுதல் எம்மால் இயலவில்லை. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு நற்பாட்டுப் பாடினார், அதனால் ஊதியம் பெற்றிலர், புகழும் பெற்றிலர். எஞ்சியது பெயர் ஒன்றே. அப்பெயரையும் உரித்தெடுத்தபின் அவர்க்கு என்ன உண்டு? தமிழ்நூல்களுட் பாடினோர் பெயர் தெரியாமையால், பாட்டில் வந்த அருந்தொடர் ஒன்றையே புலவர்க்குப் பெயராக வைத்து வழங்கும் நிலை நமக்கு நேர்ந்துளது. அது காலம் செய்த குறை. தட்டுக்காரர் செய்தது மனிதர் அறிந்தே செய்த குறை.

முழவிசைஞர் இருவரின் கதை இக்குறையின் ஆழத்தைக் காட்டும். ஜேம்ஸ் பிறவுணின் குழுவில் முழவு வாசித்தவர் கிளைட் ஸ்ரபிள்பீல்ட். 1970இல் வெளிவந்த 'ஃபங்கி டிரம்மர்' என்னும் தட்டில் மற்றைக் கருவிகள் அடங்க இவர் முழவு மட்டும் சில விநாடி தனித்து ஒலிக்கும். பிற்காலத்தார் அவ்விநாடிகளை வெட்டியெடுத்து எண்ணிறந்த பாட்டுக்களுக்கு அடித்தளமாக்கினர். பாட்டை இயற்றியவராகத் தட்டில் இவர் பெயர் பொறிக்கப்படாமையால், இவர்க்கு உரிமைப் பணம் வரவில்லை. 2017இல் இவர் காலமானார். மற்றவர், வின்ஸ்ரன்ஸ் என்னும் குழுவின் முழவிசைஞர் கிறெகரி கோல்மன். 1969இல் 'ஏமன் பிறதர்' என்னும் பின்பக்கப் பாட்டில் இவர் வாசித்த ஏறத்தாழ ஆறு விநாடி முழவு, ஆயிரக்கணக்கான பதிவுகளிற் புகுந்தது. பிரித்தானியாவில் ஓர் இசை வகைக்கே வித்தாயிற்று. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் றிச்சர்ட் ஸ்பென்சருக்கு, 2015இல் இசை அன்பர் தம்முட் பணம் திரட்டி ஏறத்தாழ 24,000 பவுண் அளித்தனர். அது பிந்தி வந்ததாயினும், சட்டம் செய்யாததை அன்பர் செய்தனர். கோல்மனுக்கோ அதுவும் எட்டவில்லை.

சட்டம் இவ்விடயத்திற் குறைவுடையது என்பதை ஓர் ஒப்புமையால் விளக்கலாம். ஓவியர் ஒருவரின் படம் கைம்மாறி விற்கப்படும்போது விலையில் ஒரு பங்கு ஓவியர்க்குச் சேரவேண்டும் எனப் பிரித்தானியாவில் 2006இற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தட்டுப் பாடினார்க்கு இத்தகைய உரிமை இல்லை. அமெரிக்காவிலோ, 1972க்கு முன் பதிவான ஒலிப்பதிவுகளை இணையவழி வானொலிகள் ஒலிபரப்பின் பாடினார்க்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே உறுதியாயிற்று. சோல் இசையின் பொற்காலத்துட் பெரும்பகுதி 1972க்கு முற்பட்டதன்றோ? சட்டம் வருமுன் எத்தனை பேர் கண்மூடினர்!

இவ்வளவுங் கேட்டோர், ஆகவே தட்டுச் சேர்த்தல் தீது என முடிபு கொள்ளல் வேண்டா. எம் கருத்து அதற்கு மாறானது. சேர்ப்போர் இல்லையேல் இவ்விசையிற் பெரும்பகுதி இன்றில்லை. 2008 யூன் மாதத்திற் கலிபோர்ணியாவில் உள்ள யூனிவேர்சல் வளாகத்தில் மூண்ட தீ, மூலப்பதிவு நாடாக்கள் பலவற்றை எரித்தது. இழப்பின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும், இழப்பு உண்டென்பது உறுதி. பெரிய நிறுவனங்களின் நிலையே இதுவாயின், ஊர்ச் சிறுமுதலாளிகளின் நாடாக்கள் என்னாயிருக்கும்? மறுபதிப்புச் செய்வோர் பலகால் அன்பர் ஒருவரின் பேழையிற் கிடந்த தட்டையே மூலமாகக் கொள்கின்றனர். இன்று எல்லாம் கைத்தொலைபேசியிற் கேட்கலாமே, தட்டு எதற்கு என்பார்க்கும் இதுவே விடை. கைத்தொலைபேசியிற் கேட்பது எவரோ ஒருவர் காத்து வைத்த தட்டிலிருந்தோ நாடாவிலிருந்தோ வந்ததாகும். ஊற்றுத் தூர்ந்தால் வாய்க்காலில் நீர் ஏது? மக்களும் இதனை உணர்ந்தனர் போலும். 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டு 41 மில்லியனும் குறுந்தட்டு 33 மில்லியனும் விற்றன; 1987க்குப் பின் வினைல் எண்ணிக்கையில் முந்தியது அவ்வாண்டிலேயே.

நற்சேர்ப்பாளர்க்கு எடுத்துக்காட்டும் உண்டு. சிக்காகோவில் 2003இல் தொடங்கிய நியூமரோ என்னும் நிறுவனம், மறைந்த சிறு நிறுவனங்களின் தட்டுக்களைத் தேடி, உரியோரைக் கண்டு உடன்பட்டு, வரலாற்றுக் குறிப்போடு மறுபதிப்புச் செய்கின்றது. ஒகையோ மாநிலத்துக் கப்சோல் என்னும் சிறு நிறுவனத்தின் பாட்டுக்கள் அதன் முதல் வெளியீடாயின. கலிபோர்ணியாவில் 1970களிற் சில தட்டே பாடி மறைந்த டறொண்டோ என்பாரின் பாட்டுக்கள் 2006இல் மீண்டும் தொகுத்து வெளியிடப்பட்டன, அதன் பயனாக அவர் முதுமையில் மேடையேறிப் பாடினார், 2013இற் காலமானார். உயிரோடிருக்கும்போதே ஒருவர்க்குக் கைதட்டுக் கிடைக்கச் செய்த தேட்டம், தேட்டங்களுள் தலையாயது.

இவ்வேறுபாட்டை நாம் அந்நிய நாட்டாரிடம் கற்கவேண்டியதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லுக்கு இரையாகவிருந்த ஏடுகளைத் தேடி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் ஏடு உதவியோர் பெயரைத் தம் முகவுரைகளில் நன்றியோடு பொறித்தார். அவர்கள் ஏட்டைப் பேழையிற் பூட்டி, என்னிடம் மட்டும் உளது எனப் பெருமை கொண்டிருப்பின் நாம் இன்று எதனைக் கற்பிப்போம்? ஏடு வைத்திருந்தோர் பலர். அவருள் ஏட்டை உலகுக்கு அளித்தோரையே நாம் இன்று பெயர் சொல்லி வணங்குகின்றோம்.

ஆதலின், தட்டுச் சேர்க்கும் எம் மாணவர்க்கு நான்கு கடன்களை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, பெயர் எழுதுக. பாடியவர், இயற்றியவர், நிறுவனம், தட்டெண், ஊர், ஆண்டு என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். தட்டின் ஒலிவரிகள் முடிந்து நடுத்தாள் தொடங்குமுன் உள்ள வெறும் பகுதியில் அச்செண் கீறப்பட்டிருக்கும். உண்மைத் தட்டையும் போலித் தட்டையும் பிரித்தறிய அது பெரிதும் உதவும். முழவு வாசித்தவர் பெயர் தெரியின் அதனையும் விடாது எழுதுக.

இரண்டாவது, பிறரைக் கேட்பிக்க. பூட்டிய பேழையிலுள்ள தட்டு ஊமை. நண்பரைக் கூட்டி ஒலிப்பித்து, இன்னார் பாடியது என மெய்ப்பெயர் கூறுக. தட்டைப் பேணுதலும் இதனுள் அடங்கும். அமெரிக்கச் சிறுதட்டுக்கள் பல வினைலால் அன்றிப் பொலிஸ்ரைறீன் என்னும் பொருளால் ஆனவை. தேய்ந்த ஊசி அவற்றை விரைவிற் கெடுக்கும். எமது நாட்டு வெப்பத்தில் வினைலும் நெளியும். ஆதலின் வெயில் படாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காது, நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, உரியவர்க்குப் பயன் சேர்க்க. போலி அச்சை மலிவென்று வாங்காது, பாடினார்க்கோ அவர் குடும்பத்தார்க்கோ பங்கு கொடுக்கும் முறையான மறுபதிப்பை வாங்குக. பழந்தட்டுக்கு ஆயிரம் பவுண் கொடுக்க வல்லவர், உயிரோடுள்ள பாடகரின் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்குதல் பெரிதன்று.

நான்காவது, தமக்குப் பின் என்னாகும் என எண்ணுக. பெற்றோர் உயிரைக் கொடுத்துச் சேர்த்ததைப் பிள்ளைகள் நிறைவிலைக்குத் தூக்கிக் கொடுத்தல் எங்கும் காண்பதே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வேர்ஜீனியாவிற் பெரியதோர் ஒலிக்காப்பகம் வைத்துளது. பிரித்தானிய நூலகமும் ஒலிக்காப்பகம் உடையது. ஒகையோவிற் பவுலிங் கிறீன் பல்கலைக்கழகம் மக்கள் இசைத்தட்டுக்களைத் திரட்டி வைத்துளது. தம் சேமத்தைத் தக்க பொதுநிலையம் ஒன்றுக்கு எழுதி வைத்தல் அறிவுடையார் செயலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதைக் கண்ட நம்மவர்க்கு ஓர் ஐயம் எழலாம்: பொதுநிலையமும் எரியுமே என்பது. உண்மை. ஆதலினாலேயே படியெடுத்துப் பல இடத்தில் வைத்தல் வேண்டும். ஒருவர் கையிலோ ஓரிடத்திலோ மட்டும் வைத்தல் ஆகாது.

இனிப் பெற்றோர்க்கும் ஒரு சொல். உம் பிள்ளை பழைய தட்டு வாங்குகின்றான் எனச் சினவற்க. எவர் பாடியது எனக் கேளுங்கள். பெயரும் ஊரும் வரலாறும் அவன் வாயினின்று வருமாயின், அவன் கல்வி கற்கின்றான் என மகிழுங்கள். விலை ஒன்றே வருமாயின் அப்போது கவலுங்கள்.

விழாக்காணும் கல்லூரி ஒன்று தன் பழைய மாணவரின் பெயர்களைத் தேடித் தொகுத்து மலரில் அச்சிடுகின்றது. பெரும்பதவி பெற்றோர் பெயரை மட்டும் இட்டு, மணியடித்தவரையும் தோட்டம் பார்த்தவரையும் விடுதியிற் சமைத்தவரையும் மறந்துவிடின் அத்தொகுப்பு நிறைவுறுமா? தட்டின் முன்பக்கத்தை மட்டும் கேட்பது போன்றதே அது. பின்பக்கத்தையும் திருப்பிக் கேட்கும் பழக்கம் நம் மாணவரிடம் வளர்க.